ராக் நட்சத்திரத்தின் வாழ்க்கை வரலாறு: நல்ல புத்தகமா என்று பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக் இசைக்கலைஞர்களைப் பற்றிய புத்தகங்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். இரவல் வாங்கிப் போகிறவர்கள் திருப்பித் தரும்போது கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சுயசரிதை, வாழ்க்கை வரலாறு, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. சுயசரிதையில் அந்தக் கலைஞரே பேசுகிறார். வாழ்க்கை வரலாற்றில் வேறொருவர் கேட்டு, தேடி, ஒப்பிட்டு எழுதுகிறார். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: பலருடைய பேச்சை அப்படியே வெட்டி அடுக்குவது. மாட்லி க்ரூ குழுவின் 'தி டர்ட்' (2001) கிட்டத்தட்ட அப்படித்தான் போகும். ஒருவர் சொன்னதை அடுத்த அத்தியாயத்தில் இன்னொருவர் மறுப்பார்.

எந்த வகை என்று முதலில் பாருங்கள். சுயசரிதையிடம் அந்த மனிதரின் குரலைக் கேட்கலாம், சரிபார்ப்பை அதிகம் எதிர்பார்க்க முடியாது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் சரிபார்க்காமல் விட்டால் அதற்குச் சமாதானமே கிடையாது. அவருடைய வேலையே அதுதான்.

அப்போ நல்ல புத்தகம்னு எதை வெச்சுச் சொல்றீங்க?

நான் எந்தப் பக்கத்தைப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வேன்: "இது இவருக்கு எப்படித் தெரிந்தது?" அந்த இரவு அவர் அறையில் யார் இருந்தார்கள்? அவர்களிடம் ஆசிரியர் பேசினாரா? கடிதம் இருக்கிறதா, ஒலிப்பதிவுக் கூடத்தின் பதிவேடு இருக்கிறதா, அல்லது முப்பது வருடம் கழித்து யாரோ சொன்னதா? நல்ல புத்தகம் இதை மறைக்காது. பதில் உறுதியாக இல்லாத இடத்தில் "இப்படி ஒரு பேச்சு உண்டு, உறுதி செய்ய முடியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகும்.

இரண்டாவதாக, புத்தகத்தை மூடியதும் பாட்டைப் போட்டுக் கேட்கத் தோன்ற வேண்டும். அதுவும் முன்பு காதில் விழாத ஒன்று விழ வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன்.

அவரே சொன்ன கதைதானே, அதைவிட உண்மை வேற என்ன இருக்க முடியும்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஓர் உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

1961இல் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சந்தித்ததுதான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் தொடக்கம் என்பது பிரபலமான கதை. காலங்காலமாகச் சொல்லப்படுவது இப்படி: ஜாகரின் கக்கத்தில் அமெரிக்க இசைக்கலைஞர்களான சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இருவரின் இசைத்தட்டுகள் இருந்தன, அதைப் பார்த்து ரிச்சர்ட்ஸ் சொக்கிப்போனார். 2010இல் வந்த தன் 'லைஃப்' புத்தகத்தில் ரிச்சர்ட்ஸும் அப்படித்தான் நினைவுகூர்கிறார். ஆனால் அதே புத்தகத்தில் 1962இல் அவர் தன் அத்தைக்கு எழுதிய கடிதமும் அச்சாகியிருக்கிறது. அதில், ரயில் நிலையத்தில் சக் பெர்ரி இசைத்தட்டைக் கையில் வைத்திருந்தவர் ரிச்சர்ட்ஸ்! தொடக்கப் பள்ளியில் கூடப் படித்த ஒருவன் அருகில் வந்தான், அவனிடம் பெர்ரியின் எல்லா இசைத்தட்டுகளும் இருக்கின்றன என்று எழுதுகிறார்.

இருவர் கையிலும் இசைத்தட்டு இருந்திருக்கலாம். ரிச்சர்ட்ஸ் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கதையை ஐம்பது வருடம், ஆயிரம் பேட்டிகளில் சொல்லிச் சொல்லி வந்தால், கடைசியில் நடந்தது மறந்துபோய் சொன்னதுதான் ஞாபகத்தில் நிற்கும். சம்பவம் நடந்து சில மாதங்களுக்குள் எழுதிய கடிதத்துக்கு எடை அதிகம். அந்தக் கடிதத்தை ஒளிக்காமல் முழுசாகப் போட்டதற்காகவே அந்தப் புத்தகத்தின்மேல் எனக்கு மரியாதை கூடியது. அதே குழுவின் பேஸ் கிட்டார்காரர் பில் வைமன் நாட்குறிப்பு, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியவர். 1990இல் வந்த அவருடைய புத்தகம் ரிச்சர்ட்ஸுடையதைப் போல ஓட்டமாகப் போகாது. ஆனால் எந்தத் தேதியில் எங்கே வாசித்தார்கள், கைக்கு எவ்வளவு வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ராக் ஸ்டார் உக்காந்து 500 பக்கம் எழுதுவாரா? வேற யாரோ எழுதித் தர்றதுதானே?

பெரும்பாலும் கூட ஒருவர் இருப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. 'லைஃப்' புத்தகத்தில் ஜேம்ஸ் ஃபாக்ஸ் பெயர் இருக்கிறது. எல்டன் ஜானுக்கு 2019இல் அலெக்ஸிஸ் பெட்ரிடிஸ் உதவினார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரி தானே எழுதியவர்களும் உண்டு. அவர் 2016இல் வந்த தன் சுயசரிதையை ஏழு வருடம் எடுத்து எழுதினார். கூட எழுதுகிறவர் கெட்டிக்காரர் என்றால் நட்சத்திரம் தாண்டிப் போக நினைக்கும் இடத்தில் நிறுத்திக் கேட்பார்.

ஆபத்து எங்கே என்றால், கூட இருப்பவருக்குச் சொந்த ஆதாயம் இருக்கும்போது. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் பெயரில் 1991இல் ஒரு சுயசரிதை வந்தது. அப்போது அவர் வாழ்க்கையை முழுக்கப் பிடியில் வைத்திருந்தவர் யூஜின் லேண்டி என்கிற உளவியலாளர். புத்தகத்தில் லேண்டி கிட்டத்தட்ட இரட்சகராகவே வருகிறார். பிற்பாடு வில்சன் அது தன் புத்தகம் இல்லை என்று கைகழுவிவிட்டார். 2016இல் பென் கிரீன்மனுடன் சேர்ந்து வேறொன்று எழுதினார். "நான்", "நான்" என்று ஒரு புத்தகம் பேசினாலும், அந்த நானுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்கி எழுதினது, வாங்காம எழுதினது, எதை நம்பலாம்?

அனுமதி என்பது ஒரு பண்டமாற்று. உள்ளே விடுவார்கள், பதிலுக்குச் சில விஷயங்களை விட்டுவிடச் சொல்வார்கள்.

ஹண்டர் டேவிஸ் 1968இல் எழுதிய பீட்டில்ஸ் வரலாறு இதற்குச் சரியான சான்று. அனுமதி இருந்ததால் 1967இல் அவர்கள் பாட்டுக் கட்டும்போது அறையிலேயே உட்கார்ந்து பார்த்தார். ஒரு வரியை எழுதி, அடித்து, எங்கோ பேச்சு போய், மறுபடி பியானோவுக்குத் திரும்பியதை எல்லாம் குறித்துவைத்தார். வெளியாள் யாருக்கும் அது கிடைத்திருக்காது. ஆனால் ஜான் லெனனை வளர்த்த பெரியம்மா மிமி, சின்ன வயதுக் குறும்புகளை மென்மையாக்கச் சொன்னார். மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் ஓரினச் சேர்க்கையாளர் என்பதையும் வெளிப்படையாக எழுதவில்லை. எதை விட்டோம் என்பதை டேவிஸ் பின்னால் வந்த பதிப்புகளில் சொன்னார். அப்படிச் சொன்னது பெரிய விஷயம்.

அனுமதி பெறாத புத்தகத்துக்குக் கை கட்டு இல்லை. ஆனால் பேச முன்வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள், பிரிந்து போனவர்கள். அவர்களுக்கு மனக்குறை இருக்கும். ஆகவே முத்திரை இருக்கிறதா இல்லையா என்பது பாதிப் பதில்தான். மீதிக்கு "எப்படித் தெரிந்தது" கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

பாட்டுக்காரர் பத்தின புத்தகத்துல ஒரு பாட்டு வரிகூட இல்லையே, இது ஒப்பேத்தின வேலையா?

அவசரப்படாதீர்கள். பாடல் வரிகளுக்குக் காப்புரிமை உண்டு. உரிமை வைத்திருப்பவர் அனுமதி தராவிட்டாலோ, கேட்கும் தொகை கட்டுப்படியாகாவிட்டாலோ ஆசிரியர் வரிகளைத் தன் வார்த்தையில் சுற்றிச் சொல்லத்தான் வேண்டும். படங்களிலும் இதே கதைதான். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் பற்றி 2013இல் வந்த படத்தில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை, உரிமை கிடைக்கவில்லை. வரி இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். இசையைப் பற்றிய பேச்சே இல்லை என்றால் அதுதான் குறை.

கடையில நின்னு பத்து நிமிஷத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். மூல விவரங்கள் இருக்கின்றனவா? பேட்டி கொடுத்தவர்கள் பட்டியல் இருக்கிறதா? அதில் அந்தக் குழுவின் ஒலிப்பதிவுப் பொறியாளர், டிரம்மர், பழைய பள்ளித் தோழர் மாதிரி ஆட்கள் இருக்கிறார்களா, அல்லது வெறும் பத்திரிகை வெட்டுத் துண்டுகள் மட்டும்தானா? சொல்லடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) இல்லாத தடித்த வாழ்க்கை வரலாற்றை நான் சந்தேகத்தோடுதான் கையில் எடுப்பேன்.

அப்புறம், உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு கதையைத் தேடிப் படியுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். எல்விஸ் பிரெஸ்லி என்றால் நான் தேடுவது 1953 ஜூலை. பதினெட்டு வயதுப் பையன் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், சொந்தக் காசைக் கொடுத்து இரண்டு பாட்டுப் பதிவு செய்தான். அம்மாவின் பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்க என்று அந்தக் கதை சொல்லப்படும். அம்மா கிளாடிஸின் பிறந்தநாள் ஏப்ரலில் வரும்! ஜூலையில் எந்தப் பிறந்தநாள்? பரிசுக் கதையை அப்படியே ஒப்பிக்கும் புத்தகம் நாட்காட்டியைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். "அப்படியானால் அந்தப் பையன் உண்மையில் எதற்காக அங்கே போனான்?" என்று நின்று யோசிக்கும் புத்தகத்தை வாங்கலாம். தன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆசையா, அல்லது அங்கே இருக்கிறவர் யாராவது தன்னைக் கவனிக்க மாட்டாரா என்ற நப்பாசையா? அந்த யோசனையில் ஒரு மனிதன் தெரிகிறான்.

ஆயிரம் பேர்கிட்ட பேட்டி எடுத்தேன்னு போட்டிருக்கே, அப்போ நம்பலாம்தானே?

எண்ணிக்கையை மட்டும் வைத்து நம்ப முடியாது. ஆல்பர்ட் கோல்ட்மன் 1988இல் லெனனைப் பற்றி எழுதியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டிகள் என்றுதான் சொல்லிக்கொண்டார். புத்தகம் வந்ததும் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதில் மேற்கோள் காட்டப்பட்டவர்களிடமே திரும்பப் போய்க் கேட்டு நீண்ட மறுப்புக் கட்டுரை வெளியிட்டது. லெனனோடு பீட்டில்ஸில் இருந்த பால் மெக்கார்ட்னி அந்தப் புத்தகத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்.

தவறுகளைவிட எனக்கு உறுத்தியது அவருடைய தொனி. 1981இல் எல்விஸைப் பற்றி எழுதியபோதும் இதேதான். எல்விஸின் உடம்பு, அவர் பிறந்த ஏழ்மை, அவர் ஊர்க்காரர்கள், எல்லாவற்றையும் அருவருப்போடுதான் பார்க்கிறார். குறையைச் சொல்லக்கூடாது என்று இல்லை. ஆனால் இந்த மனிதரைப் பற்றி இத்தனை பக்கம் எழுத இவருக்கு என்ன காரணம் இருந்தது என்று படிக்கிறவருக்குக் கடைசிவரை விளங்காவிட்டால், எத்தனை ஆயிரம் பேட்டி இருந்தும் பயன் இல்லை.

அப்போ தீவிர ரசிகர் எழுதினா நல்லா இருக்குமா?

அன்பு வேண்டும், அது கண்ணை மறைக்கக்கூடாது. பீட்டர் குரால்னிக் எல்விஸைப் பற்றி 1994இலும் 1999இலும் இரண்டு பாகம் எழுதினார். முதல் பாகம் ஏற்றம், இரண்டாம் பாகம் சரிவு. எல்விஸ்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். ஆனால் இரண்டாம் பாகத்தில் மாத்திரைகளையும் வீண்செலவையும் சுற்றி இருந்தவர்களின் கூழைக்கும்பிடையும் மாதம் மாதமாகக் காட்டுகிறார், எதையும் பூசி மெழுகவில்லை. எனக்கு யாராவது ஒரு மாதிரிப் புத்தகம் சொல்லச் சொன்னால் இந்த இரண்டு பாகங்களைத்தான் சொல்வேன்.

ஆசிரியரின் சாய்வு மாறுவதும் உண்டு. ஃபிலிப் நார்மன் 1981இல் எழுதிய பீட்டில்ஸ் வரலாறு லெனன் பக்கம் சாய்ந்து மெக்கார்ட்னியைக் குறைத்துக் காட்டியது என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. அவரே 2016இல் மெக்கார்ட்னியின் வாழ்க்கையைப் பெரிய புத்தகமாக எழுதினார், பழைய பார்வையை மாற்றிக்கொண்டதையும் மறைக்கவில்லை.

போதை, பெண்கள், ஹோட்டல் அறையை அடிச்சு நொறுக்கினதுன்னு பக்கம் பக்கமா போகுது. இதெல்லாம் நிஜமா?

சில நிஜம், சில கண் காது மூக்கு வைத்தது. எத்தனை வாயிலிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். லெட் ஸெப்பலின் பற்றி ஸ்டீஃபன் டேவிஸ் 1985இல் எழுதிய புத்தகத்தின் பரபரப்பான பகுதிகளுக்கு முக்கிய ஆதாரம் குழுவின் சுற்றுப்பயண மேலாளர் ரிச்சர்ட் கோல். குழுவினர் அந்தப் புத்தகத்தை ஏற்கவில்லை. ஒரே ஆள் சொன்னதால் மட்டும் பொய்யாகிவிடாது. ஆனால் பக்கம் பக்கமாக ஒரே கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று: கூத்தெல்லாம் முடிந்து மறுநாள் காலையில் என்ன ஆனது என்று புத்தகம் சொல்கிறதா? அறையைச் சுத்தம் செய்தவர் யார், அடுத்த நிகழ்ச்சி எப்படிப் போனது, கூட வந்த பெண் என்ன ஆனாள்? ராத்திரியை மட்டும் ரசித்து எழுதிவிட்டுக் காலையைத் தாண்டிப் போகும் புத்தகத்தை நான் பாதியில் மூடியிருக்கிறேன்.

மனைவி, காதலி எல்லாம் ரெண்டு வரியில வந்து போயிடறாங்க. இதைக் குறையா சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், நான் சொல்வேன். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள்தான், அவர்களைக் கேட்காமல் விட்டால் பாதிச் சாட்சியம் போய்விடும். ஜான் லெனனின் முதல் மனைவி சிந்தியா லெனன் தன் திருமண வாழ்க்கையைப் பற்றி 1978இல் ஒரு புத்தகமும் 2005இல் இன்னொன்றும் எழுதினார். முதலாவதில் அடக்கி வாசித்ததை இரண்டாவதில் திறந்து பேசினார். லெனனைப் பற்றி எழுதுகிறவர் இந்த இரண்டையும் படித்தாரா என்பது எனக்கு ஒரு சோதனை.

பாடகி டினா டர்னரின் கதை இன்னும் கூர்மையானது. அவர் கர்ட் லோடருடன் சேர்ந்து 1986இல் எழுதிய புத்தகம் வரும்வரை, அவர் கணவராக இருந்த ஐக் டர்னர் என்றால் 1951இலேயே ராக் அண்ட் ரோலின் ஆரம்பப் பதிவுகளில் ஒன்றைச் செய்த முன்னோடி என்பதுதான் இசை வரலாற்றில் முதலில் வரும். அவர் கையால் பட்ட அடிகளை டினா சொன்ன பிறகு அந்த முன்னோடியின் கதையை அதே மாதிரி எழுத முடியாமல் போயிற்று. ஐக் 1999இல் தன் பக்கத்தை எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். யார் விவரமாகச் சொல்கிறார், யார் சுற்றி வளைக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசி ராத்திரி அவர் மனசுல என்ன ஓடுச்சுன்னுகூட எழுதியிருக்காரே, அது எப்படி?

அது கற்பனை. சார்ல்ஸ் ஆர். கிராஸ் 2001இல் நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபேனைப் பற்றி எழுதிய புத்தகம் நானூறுக்கும் மேற்பட்ட பேட்டிகளோடு, கோபேனின் நாட்குறிப்புகளையும் பார்த்து எழுதப்பட்டது. பெரும் உழைப்பு. ஆனால் 1994 ஏப்ரலில் கோபேன் தனியாக இருந்த கடைசி மணிநேரங்களைக் கிராஸ் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதுகிறார். அறையில் வேறு யாருமே இல்லை! என் ஒரே கேள்வி அங்கே நின்றுவிடுகிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் நான் புத்தகத்தோடு சேர்த்துக் கணக்கில் எடுப்பதில்லை.

தி டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் விஷயத்தில் இது வேறு மாதிரி போனது. அவர் 1971 ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்தார், பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அந்த இடைவெளியில், 1980இல் வந்து அமோகமாக விற்ற புத்தகம் ஒன்று, அவர் சாகாமல் எங்கோ இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தூவிவிட்டது. தெரியாத இடத்தைத் தெரியவில்லை என்று விட்டிருக்கலாம். அதை வைத்து மர்மம் வளர்ப்பது, இறந்தவரின் குடும்பத்தையும் நினைத்துப் பார்த்தால், எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அவரே பொய் சொல்லியிருந்தா, எழுதினவரை எப்படிக் குறை சொல்றது?

நட்சத்திரங்கள் தங்களைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறவர்கள். கோபேன் இளம் வயதில் அபர்டீன் ஊரில் ஒரு பாலத்துக்கு அடியில் வாழ்ந்ததாகச் சொன்னார், அதைப் பாட்டிலும் வைத்தார். கூட வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக் அதை மறுக்கிறார்: அங்கே பொழுதுபோக்கியது உண்டு, ஆனால் ஆற்று நீர் ஏறி இறங்கும் அந்தச் சேற்றுக் கரையில் யாரும் குடியிருக்க முடியாது. ஹெண்ட்ரிக்ஸ் தான் பாராசூட்டில் குதித்துக் கணுக்கால் உடைந்ததால் ராணுவத்தைவிட்டு வந்ததாகச் சொல்வார். ராணுவக் கோப்பில் 1962இல் விடுவித்ததற்குக் காரணம் படைக்குப் பொருத்தமில்லை என்பது.

சுமாரான ஆசிரியர் நட்சத்திரம் சொன்னதை எழுதுவார். கொஞ்சம் தேறினவர் பொய்யைக் கண்டுபிடித்து எழுதுவார். அதையும் தாண்டினவர், ஏன் இந்தப் பொய் அவருக்குத் தேவைப்பட்டது என்று கேட்பார். வீட்டில் இடமில்லாமல் ஒவ்வொரு உறவினர் வீடாகத் தங்கி அலைந்த பையனுக்கு, அந்த அலைச்சல் முழுவதையும் சொல்ல ஒரு பாலம் போதுமாக இருந்திருக்கிறது. இப்படிப் பார்த்தால் பொய்யும் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சாட்சியம்தான்.

பாப் டிலன் புத்தகத்துல பாதி வேற இடத்துலேர்ந்து எடுத்ததுங்கறாங்க. அப்போ அது மோசமான புத்தகமா?

பாதி என்பது மிகை. 2004இல் வந்த அந்த நினைவுக் குறிப்பில் ஜாக் லண்டனின் எழுத்திலிருந்தும் பழைய டைம் பத்திரிகையிலிருந்தும் வந்த சொற்றொடர்கள் கலந்திருப்பதை ஊன்றிப் படித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 1965, 66இல் அவர் உச்சத்தில் இருந்ததைப் பற்றி அறிந்துகொள்ள ஆசையோடு திறந்தால் அதைப் பெரும்பாலும் தொடாமலே போகிறார். 1961இன் நியூயார்க் குளிரையும், 1989இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஆல்பத்துக்காகப் பட்ட பாட்டையும் பற்றி விரிவாகப் பேசுகிறார்.

தேதி பார்க்கவும் சம்பவம் சரிபார்க்கவும் அந்தப் புத்தகத்தை எடுக்காதீர்கள். ஒரு பாட்டுக்காரரின் காது எப்படி வேலை செய்கிறது, பிறர் பாட்டைக் கேட்டு அவருக்குள் என்ன நடந்தது என்பதற்கு எடுங்கள். அதற்கு அதைவிடச் சிறந்ததை நான் படித்ததில்லை. கடன் வாங்கிய சொற்களைச் சொல்லாமல் விட்டது குறைதான், அந்தக் குறையோடுதான் அதை வைத்திருக்கிறேன்.

இசையைப் பத்தி எழுதறது சரியா இருக்கான்னு இசை தெரியாத எனக்கு எப்படித் தெரியும்?

சுரம், தாளக் கணக்கு தெரிய வேண்டாம். 'மயக்கும் குரல்', 'அதிரும் கிட்டார்' என்று அடைமொழிகளாகவே போனால் ஆசிரியர் கேட்டு எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 1954 ஜூலை 5 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்விஸ், கிட்டாரில் ஸ்காட்டி மூர், பெரிய பேஸில் பில் பிளாக், டிரம் கிடையாது. மெதுவான பாட்டுகளை மாற்றி மாற்றி முயன்றும் ஒன்றும் சரிப்படவில்லை. இடைவேளையில் எல்விஸ் ஒரு பழைய புளூஸ் பாட்டை விளையாட்டாக வேகமாக எடுக்கிறார், மற்ற இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். சாம் ஃபிலிப்ஸ் எட்டிப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசிக்கச் சொல்கிறார்.

இதை விவரமாகப் படித்துவிட்டு அந்தப் பதிவைக் கேட்டால், டிரம் இல்லாத அந்த இடத்தை பேஸ் தந்திகள் தட்டித் தட்டி நிரப்புவது காதில் விழும். முன்பு எத்தனை முறை கேட்டும் எனக்கு விழுந்ததில்லை.

பீட்டில்ஸ் பத்தி ஒரு புத்தகம் 900 பக்கம் போயும் அவங்க பிரபலமாகறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது. இவ்வளவு தேவையா?

மார்க் லூயிசன் 2013இல் வெளியிட்ட முதல் பாகத்தைச் சொல்கிறீர்கள். 1962 முடிவோடு நிற்கிறது. விரிவான பதிப்பு 1,700 பக்கத்தையும் தாண்டும். எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் அந்த நீளத்தில் என்ன கிடைக்கிறது என்று சொல்கிறேன். ஐந்து வயது லெனனை 1946இல் பிளாக்பூலில் ஒரு வீட்டில் நிறுத்தி, அப்பா வேண்டுமா அம்மா வேண்டுமா என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கச் சொன்னதாகவும், பையன் அழுதுகொண்டு தெருவில் ஓடியதாகவும் எத்தனையோ புத்தகங்களில் படித்திருப்போம். அந்த வீட்டில் அன்று இருந்தவரையே லூயிசன் தேடிப் பிடித்தார். அப்படி ஒரு நாடகம் நடக்கவில்லை, பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள் என்பது அவர் சாட்சி.

லெனனின் மொத்த மனக்காயத்துக்கும் இந்த ஒரு காட்சியை விளக்கமாக வைத்த புத்தகங்கள் எத்தனை! ஒரு ஆளைத் தேடிப் போய்க் கேட்டதில் அது சரிந்தது. பக்கம் இப்படிச் செலவானால் எனக்குச் சம்மதம். விலை ஏற்ற ஒவ்வொரு நிகழ்ச்சியின் பாட்டுப் பட்டியலையும் அடுக்கியிருந்தால் அது வேறு.

ஒரே ஆளைப் பத்தி அஞ்சாறு புத்தகம் இருக்கு. எதை முதல்ல படிக்கலாம்?

அவரை அறிந்தவர் எழுதியது ஒன்று, காலம் கடந்து வெளியாள் எழுதியது ஒன்று என்று இரண்டாக எடுங்கள். பாடகி ஜானிஸ் ஜாப்ளின் 1970 அக்டோபரில் இறந்தார். அவருடைய விளம்பர வேலைகளைப் பார்த்த மைரா ஃப்ரீட்மன் 1973இல் எழுதிய புத்தகத்தில் துக்கம் இன்னும் ஆறவில்லை. வரலாற்று ஆய்வாளர் ஆலிஸ் எக்கோல்ஸ் 1999இல் எழுதியபோது அந்தக் காலகட்டத்தையே விரித்துக் காட்ட முடிந்தது. ஹாலி ஜார்ஜ்-வாரன் 2019இல் அவரை உழைத்துப் பாடின இசைக்கலைஞராக முன்னுக்கு வைத்தார். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் கடைசியாக வந்ததை எடுங்கள். இரண்டுக்கு என்றால் கூடவே ஃப்ரீட்மன்.

படம் பார்த்துட்டேன், அதுவே போதாதா?

படத்துக்கு இரண்டு மணிநேரத்தில் ஒரு உச்சக்கட்டம் வேண்டும், அதற்காகக் காலத்தை மடக்கும். க்வீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி பற்றி 2018இல் வந்த படத்தில், 1985 ஜூலை 13 லைவ் எய்ட் கச்சேரிக்கு முன்பே அவர் தன் எய்ட்ஸ் நோயைப் பற்றிக் குழுவிடம் சொல்கிறார். அவருக்கு நோய் உறுதியானது 1987இல் என்பதுதான் பெரும்பாலான பதிவுகள் சொல்வது. குழு அதற்குமுன் பிரிந்து கிடந்ததாகவும் படம் காட்டுகிறது. உண்மையில் 1985 மே மாதம்வரை க்வீன் சுற்றுப்பயணத்தில் இருந்தது. அந்தக் கச்சேரிக் காட்சி என்னையும் கலங்க வைத்தது. ஆனால் வாழ்க்கை தெரிய வேண்டும் என்றால் புத்தகத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

படிச்சதுக்கு அப்புறம் அவர் பாட்டையே கேக்கப் பிடிக்கலை. புத்தகம் மேல தப்பா?

புத்தகம் எப்படித் தெரிந்தது என்பதைக் காட்டி, கோல்ட்மன் மாதிரி அருவருப்போடு எழுதாமல் இருந்தால், அதன்மேல் தப்பு இல்லை. எனக்கு இது சக் பெர்ரி விஷயத்தில் நடந்தது. 1987இல் வந்த சுயசரிதையை அவரே எழுதினார். சிறை சென்றதைச் சொல்கிறார், ஆனால் 1962இல் சிறைக்கு அனுப்பிய வழக்கில் இருந்தது பதினான்கு வயதுப் பெண் என்பதைக் கடந்து போகும் விதம் எனக்குத் தொண்டையில் சிக்கியது. அந்த வழக்கில் நீதிபதியின் இனவெறிப் பேச்சால் முதல் விசாரணையே ரத்தானது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கத் தெரிந்த ஆசிரியரைத்தான் இந்த மாதிரி மனிதருக்குத் தேட வேண்டும்.

அந்த இசைத்தட்டுகளை நான் சில மாதம் தொடவில்லை. பிறகு ஒருநாள் டார்ட்ஃபோர்ட் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். 'ஜானி பி. குட்' போட்டேன். அந்தக் கிட்டார் தொடக்கம் முன்பு போலவே இருந்தது. கேட்ட நான்தான் கொஞ்சம் மாறியிருந்தேன், பாதியில் நிறுத்தவும் இல்லை, முன்பு மாதிரி சத்தத்தைக் கூட்டவும் இல்லை.